வலிக்காத முழங்கால்

புதன்கிழமை காலை பத்தரை மணி. ரென்ஸ்கே கணினியில் நானூற்றுப் பதினேழாம் எண்ணைத் திறந்து எம்.ஆர்.ஐ. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். ஒன்பதாவது படத்தில் கை நின்றுவிட்டது. முழங்கால் சில்லுக்குக் கீழே, தோலை ஒட்டினாற்போல், மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு. உடம்புக்குள் இரும்புத் துணுக்கு இருந்தால் படத்தில் அப்படித்தான் விழும். துணுக்கு கடுகளவு இருந்தாலும் படத்தில் மொச்சையளவு தெரியும். வேறு யாராவது பார்த்திருந்தால் ஏதோ பழைய காயம் என்று அடுத்த படத்துக்குப் போயிருப்பார்கள். ரென்ஸ்கேவால் போக முடியவில்லை. அந்த இரும்பு அவளுடைய ஸ்கேட்டின் இரும்பு. அந்த முழங்கால் அவளுடைய அண்ணன் டர்க்கின் முழங்கால்.

அவளுக்கு வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷம் எலும்பையும் மூட்டையும் படத்தில் பார்த்தே கழித்த டாக்டர். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத இந்த அறைக்கு வந்து உட்காருகிறாள். மூட்டுத் தேய்மானம் பற்றிய ஆராய்ச்சி. அறுநூறு பேர். ஒவ்வொருவருக்கும் இரண்டு முழங்காலையும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, இப்போது ஒரு தடவை படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி பிறை வடிவத்தில் ஒரு குருத்தெலும்பு இருக்கிறதே, மெனிஸ்கஸ், அது எங்கே கிழிந்திருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் வெளியே பிதுங்கியிருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். பெயர் கிடையாது, வயது கிடையாது. எது பழைய படம், எது புதுப்படம் என்பதைக்கூட மறைத்துக் கலைத்துத்தான் கொடுப்பார்கள். தெரிந்துவிட்டால் கண் தனக்குத் தெரிந்ததையே பார்க்கும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். வியாழக்கிழமை இருவரும் உட்கார்ந்து ஒப்பிடுவார்கள். ஆளை அடையாளம் தெரிந்துவிட்டால் உடனே மூடிவிட்டு, தாளில் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எட்டு மாதத்தில் அப்படி யாருக்கும் நடந்ததில்லை. முழங்காலின் உள்பக்கத்தை வைத்து யார் யாரை அடையாளம் கண்டுபிடிப்பார்கள்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, பிப்ரவரி. பதினோரு ஊர் ஓட்டம். ஊருக்கு ஊர் கால்வாய் உறைந்தால், அடியில் கத்தி மாதிரி இரும்பு வைத்த ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு இருநூறு கிலோமீட்டர் ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். அவளுக்கு இருபத்துநாலு, டர்க்குக்கு இருபத்தொன்பது. விடியும் முன்னே கிளம்பினார்கள். டர்க் முன்னால், முதுகை வளைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு; அவள் அவன் முதுகின் நிழலில், காற்றுப் படாமல். நாள் முழுக்க அவள் பார்த்தது அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டையைத்தான். பாலங்களுக்கு அடியில் ஐஸ் மெலிந்து கறுத்திருக்கும் இடம் வந்தால் அவள் பயந்து வேகத்தைக் குறைப்பாள். அவனுக்கு முதுகில் கண். திரும்பாமலே கத்துவான்: “நிக்காதே. நின்னா உடையும். வந்துட்டே இரு.” ஃப்ரானகர் ஊரைத் தாண்டி, இன்னும் ஐம்பது கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது, நீளவாக்கில் ஓடிய விரிசலில் அவன் ஸ்கேட் மாட்டி விழுந்தான். பின்னால் வந்தவளால் நிறுத்த முடியவில்லை. அவளுடைய ஸ்கேட் அவன் வலது முழங்காலில் போய் இறங்கியது. காலுறை முழுக்க ரத்தம். அவன் தன் கழுத்துத்துணியை எடுத்து இறுகக் கட்டிக்கொண்டு, “அழுது முடிச்சியா? கிளம்பு” என்றான். அன்றைக்கு இருவரும் ஓட்டத்தை முடித்தார்கள். முடித்தவர்களுக்குத் தரும் சின்னச் சிலுவைப் பதக்கம் ஆளுக்கொன்று கிடைத்தது. அவளுடைய ஸ்கேட்டின் விளிம்பில் ஒரு பொடித் துண்டு பெயர்ந்திருந்தது. அது எங்கே போயிற்று என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

விதிப்படி ரென்ஸ்கே அங்கேயே கையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அவள் அப்படிப்பட்டவள் அல்ல என்று அவளைத் தெரிந்த எல்லோரும் சத்தியம் செய்வார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் ஆளில்லாத தெருவில்கூட நின்றுவிட்டுப் போகிறவள். ஆனால் அந்தப் பச்சைச் சட்டை கண்ணுக்குள் வந்து நின்ற பிறகு விதி யாருக்கு ஞாபகம் இருக்கும்? இரண்டு வலது முழங்கால் படங்களில் எது பழையது என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றில் மெனிஸ்கஸ், குறுக்குவெட்டில் தெரிகிறபடி, முழு முக்கோணமாக, அதன் பின்பக்கம் கிடைவாக்கில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடக் கிடந்தது. அதுதான் கிழிசல். அவளுக்கு நன்றாகத் தெரிந்த கிழிசல். இன்னொன்றில் அந்த முக்கோணத்தின் கூர்முனையே இல்லை. அறுவையில் நறுக்கி எடுத்த மொண்ணை விளிம்பு. மிச்சமும் வெளியே பிதுங்கி, எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய நவம்பரில், டர்க் தன் வலது முழங்கால் ஸ்கேனை ஒரு குறுந்தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து அவள் சமையலறை மேசையில் வைத்தான். அவன் பால் லாரி ஓட்டுகிறவன். நாளுக்கு முப்பது பண்ணையில் ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலிக்கிறது என்றான். ஊர் டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம், நடந்து பழகலாம் என்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டான். அவள் கணினியில் போட்டுப் பார்த்தாள். கறுப்புப் பொட்டைக் கண்டதும் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். “என் சொத்து உன் கால்ல இருக்கு, திருப்பிக் கொடு” என்றாள். பிறகு வெள்ளைக் கோட்டை விரலால் காட்டி, இதோ பார், கிழிந்திருக்கிறது, வலி இங்கிருந்துதான், நறுக்கி எடுத்துவிட்டால் சரியாகிவிடும், இரண்டு வாரத்தில் ஸ்கேட் கட்டலாம் என்றாள். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவன் தலையாட்டினான். டாக்டர் தங்கச்சி சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன?

ஜனவரி நடுவில் அறுவை. மாதக் கடைசியில் குளிர் இறங்கியது. அப்படி ஒரு குளிர் பதினைந்து வருஷமாக வரவில்லை. பத்து நாள் எல்லாக் கால்வாயும் கண்ணாடியாகிவிட்டது. பள்ளிக்கூடம் காலி, ஆபீஸ் காலி, பாதிரியார்கூட ஐஸ் மேல்தான். பதினோரு ஊர் ஓட்டம் உண்டா, இல்லையா என்று நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் தெற்கே ஐஸின் கனம் போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். போனால் போகிறது என்று ஜனங்கள் தாங்களாகவே ஊர் ஊராக ஓடினார்கள். டர்க் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு, வீட்டு வாசலில் ஓடும் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரென்ஸ்கே ஒருநாள் ஸ்கேட்டிலேயே வந்து அவன் ஜன்னலைத் தட்டி, ஐஸ் மேல் எடுத்த புகைப்படங்களை எல்லாம் காட்டினாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றான் அவன். அடுத்த வருஷம் ஐஸ் இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. பிறகு ஏதோ நாலைந்து நாள் மெல்லிசாக வந்து போனபோது அவன் முழங்காலுக்கு ஸ்கேட் கட்டும் தெம்பு இல்லை. பிறந்தநாளுக்குப் போவார்கள், வருவார்கள். பேச்சு இருந்தது, ஐஸ் பற்றிய பேச்சுதான் இல்லை.

இவ்வளவும் அவளுக்குத் தெரிந்த கதை. தெரியாதது இடது முழங்கால். அன்றைக்கு வலித்தது வலதுதான், அதனால் வலதை மட்டும்தான் படம் எடுத்தார்கள். இடதை யாரும் பார்க்கவில்லை, அறுவைக்கு முன்னால், அவளுக்குத் தெரியாமல், இரண்டையும் படம் எடுத்து வைத்த ஆராய்ச்சிக்காரர்களைத் தவிர. ரென்ஸ்கே இடது முழங்காலின் பழைய படத்தைத் திறந்தாள். முழு முக்கோணம். பின்பக்கம், அதே இடத்தில், அதே சாய்வில், அதே வெள்ளைக் கோடு.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். கோடு அங்கேயேதான் இருந்தது. ஒரு நாள்கூட வலிக்காத முழங்கால். இப்போதைய படத்தையும் திறந்தாள். கோடு கொஞ்சம் நீண்டிருந்தது, மெத்தை ஒரு மில்லிமீட்டர் பிதுங்கியிருந்தது. மற்றபடி அறுபத்தேழு வயது மனிதனுக்கு இருக்க வேண்டிய முழங்கால். ஐம்பதைத் தாண்டினால் பாதிப் பேருக்கு நரை விழுகிற மாதிரி மெனிஸ்கஸில் கோடு விழுகிறது, வலிக்கும் அதற்கும் பல சமயம் சம்பந்தமே இல்லை என்பதை அவளே எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறாள். ஒரு ஆளின் இரண்டு முழங்காலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நறுக்காமல் விட்டிருந்தாலும் வலது தேய்ந்திருக்கலாம். எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? அன்றைக்கு இடதையும் ஒரு தடவை பார்த்திருந்தால், பொறு அண்ணே, அவசரப்படாதே என்று சொல்லியிருப்பாள். பொறுத்திருந்தால் வலியோடாவது அவன் அந்தப் பத்து நாள் ஐஸ் மேல் இருந்திருப்பான். மேசையில் வைத்த காபியில் ஆடை கட்டியிருந்தது.

வியாழக்கிழமை லிடவை வந்தாள். ஆராய்ச்சியை நடத்துகிறவள், இரண்டாவதாகப் படம் பார்க்கிறவளும் அவளே. முப்பத்தாறு வயது, நெட்டையான பெண், எந்தத் தாளும் ஓரம் மடங்காமல் வைத்திருப்பாள். காபியை ஊற்றி, டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு, டப்பாவை மூடினாள். அந்த ஊர் வழக்கம் அது, ஒன்றுதான். நானூற்றுப் பதினேழு வந்தபோது ரென்ஸ்கேயின் தாளில் மதிப்பெண் ஒன்றுமில்லை, ‘இவர் என் அண்ணன்’ என்று மட்டும் இருந்தது. லிடவை தாளைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். சேர்க்கும்போது எல்லோரிடமும் கேட்டோமே என்று கணினியில் பழைய படிவத்தைத் தேடி எடுத்தாள். ‘இந்த ஆராய்ச்சியிலோ இந்தத் துறையிலோ உங்கள் குடும்பத்தினர் யாராவது வேலை செய்கிறார்களா?’ என்ற கேள்விக்கு டர்க் நல்ல பெரிய எழுத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தான்.

டர்க் பொய் சொல்லி ரென்ஸ்கே பார்த்ததில்லை. ஊர் ஐஸ் சங்கத்தில் ஐஸின் கனம் அளக்கிறவன் அவன். ஏழு சென்டிமீட்டர் வந்தால்தான், ஐஸில் இறங்கலாம் என்று சொல்லும் கொடி ஏறும். கனம் ஆறே முக்கால் இருந்தபோது மேயர் வந்து கெஞ்சியும் ஏற்றாதவன். அவன் ஏன் இப்படி எழுத வேண்டும்? அவளுக்குப் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும், இடது முழங்காலைப் பார்த்தது உட்பட, லிடவையிடம் சொல்லிவிட்டாள். லிடவை கோபப்படவில்லை. இந்தப் படங்களை வேறு டாக்டரைப் பார்க்கச் சொல்கிறேன் என்று குறித்துக்கொண்டாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு, “அந்தக் காலத்துல எல்லா டாக்டரும் அப்படித்தானே சொன்னாங்க, ரென்ஸ்கே” என்றாள்.

“எல்லாரும் என் அண்ணன்கிட்ட சொல்லலையே. நான்தானே சொன்னேன்.”

“படத்துல இருக்கிறதை அவர்கிட்ட சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கோம்.”

“தெரியும்.”

“ஆனா சொல்லத்தான் போறீங்க.”

லிடவை பிஸ்கட் டப்பாவை மறுபடி திறந்து ரென்ஸ்கே பக்கமாகத் தள்ளினாள். எட்டு மாதத்தில் முதல் தடவை.

புதன் இரவே காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கிக் குளிர் இறங்கியிருந்தது. சனிக்கிழமை காலை ரென்ஸ்கே காரில் கிளம்பியபோது வழியெல்லாம் வாய்க்கால்கள் உறைந்து வெளிறிக் கிடந்தன. அவளுக்கென்று மிச்சம் இருப்பது அந்த ஒரு அண்ணன். இதைச் சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? சொல்லாமல் வருஷா வருஷம் பிறந்தநாள் கேக் சாப்பிட்டுவிட்டு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? டாக்கும் ஊரைத் தாண்டும்வரைக்கும் இரண்டு மூன்று தடவை வண்டியைத் திருப்பிவிடலாமா என்று பார்த்தாள்.

டர்க் வீட்டில் இல்லை. ஐஸ் சங்கத்தின் புல்வெளியில் இருந்தான். குளிர் வந்தால் அந்தப் புல்வெளியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் கட்டுவார்கள். அது உறைந்தால் குழந்தைகளுக்கு ஸ்கேட் களம். கொட்டகை வாசலில் கம்பளித் தொப்பியோடு, கைத்துளைப்பானையும் அளவுகோலையும் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. “வாங்க டாக்டரம்மா. சரியான நேரத்துக்கு வந்தே. மூணு இடத்துல அளக்கணும், எனக்கு முட்டி போட முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் பன்னெண்டு மணிக்குத்தான் வருவான்” என்றான்.

அவள் ஐஸ் மேல் மெல்ல நடந்து போய் முட்டி போட்டாள். அவன் கரையோரமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தான். துளைப்பானைச் சுற்றும்போது வெள்ளைத் தூள் சுருள் சுருளாக மேலே வந்தது. அவன் முகத்தைப் பார்க்காமல் பேச அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றியது அவளுக்கு.

“அண்ணே. உன் இடது முழங்காலைப் பார்த்தேன்.”

அவள் துளைப்பானைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“அதுலயும் அதே கிழிசல் இருக்கு. அப்பவே இருந்திருக்கு. வலதுல இருந்த மாதிரியே. அதை யாரும் தொடலை, அது பாட்டுக்குக் கிடக்கு. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அந்தக் கிழிசலால வலிச்சிருக்காது. நான் ரெண்டு காலையும் பார்த்திருக்கணும். பார்க்கலை.”

துளைப்பான் ஐஸைத் தாண்டி லொடக்கென்று தண்ணீரில் இறங்கியது. அவள் அளவுகோலைத் துளைக்குள் விட்டு, அதன் நுனிக் கொக்கியை ஐஸின் அடிவிளிம்பில் மாட்டினாள். மூன்றரை என்று படித்தாள்.

“அது வலிச்சதே இல்லை” என்றான் டர்க், தன் இடது காலைப் பார்த்துக்கொண்டு. பிறகு வலது முழங்காலைத் தடவிக்கொண்டு, “முழங்கால் போனா போகட்டும். லாரி ஓட்டின காலு, எப்படியும் போயிருக்கும். அந்தப் பத்து நாள் போச்சு பாரு” என்றான்.

“தெரியும்ணே.”

“உனக்குத் தெரியாது. நீ ஐஸ் மேல இருந்தே.” குரல் உயரவில்லை. “வந்து ஜன்னலைத் தட்டினே. கன்னமெல்லாம் சிவந்து, சிரிச்சிக்கிட்டு. படம் படமா காட்டினே. நீ போனதும் நான் திரைச்சீலையை இழுத்து விட்டுட்டேன். இந்த ஊர்ல பகல்ல யாரும் திரை போட மாட்டாங்க. செத்த வீட்டுலதான் போடுவாங்க.”

ரென்ஸ்கே முட்டி போட்டபடியே அழுதாள். மறைக்கவும் இல்லை. அவன் கரையில் நின்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, படிவத்தில் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டாள்.

“படிவம் கொடுத்த பொண்ணு சொல்லிச்சு, சொந்தக்காரங்க இருந்தா அவங்க என் படத்தைப் பார்க்க மாட்டாங்கன்னு. எனக்கு யாரோ பார்க்கிறதுல என்ன இருக்கு? நீ பார்க்கணும்னு நினைச்சேன். அப்ப வேற எண்ணம் ஒண்ணும் இல்லை, நம்ம தங்கச்சி பார்க்கட்டும்னுதான்.” தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். “காலு மோசமான பிறகு வேற மாதிரி நினைச்சேன். என்னைக்காவது உன் கையில வரும், அந்தப் பொட்டைப் பார்த்தா தெரிஞ்சுக்குவே. தப்பா சரியான்னு நீயே பார்த்துட்டு வந்து சொல்லட்டும்னு. பன்னெண்டு வருஷம் ஆச்சு உனக்கு.”

மற்ற இரண்டு இடங்களில் நாலு, மூன்றே முக்கால். அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். திங்கட்கிழமை மழை என்று வானொலி சொல்லியிருக்கிறது; ஏழு வராது, கொடி ஏறாது. அவன் நோட்டை மூடிக் கொட்டகைக்குள் போனான். ஏதோ உருளும் சத்தம் கேட்டது. போய்விட்டான், இனி வர மாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். வந்தான். கையில் ஒரு மர நாற்காலி. குழந்தைகள் ஸ்கேட் பழகும்போது பிடித்துத் தள்ளிக்கொண்டு போவார்களே, அது. அதை ஐஸ் மேல் வைத்து, வலது காலை நீட்டிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். உன் ஸ்கேட் வண்டியில்தானே இருக்கிறது, போய்க் கட்டிக்கொண்டு வா என்றான். அவள் கொடிமரத்தைப் பார்த்தாள்.

“நாலு சென்டிமீட்டர்தான் இருக்கு. நீதானே ஏழுன்னு சொல்லுவே?”

“அது மத்தவங்களுக்கு. உடைஞ்சா கணுக்கால்தான் நனையும்.”

அவள் ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தள்ளினாள். முதலில் கனமாக இருந்தது, பிறகு வழுக்கிக்கொண்டு போனது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் மறுபடியும் அவள் கண் முன்னால் அவன் முதுகு. பச்சைச் சட்டை இல்லை, சாம்பல் நிறக் கோட்டு, நரைத்த பிடரி. குளிர்காற்று முகத்தில் அடித்தது. களத்தின் நடுவுக்கு வந்தபோது அடியில் ஐஸ் நீளமாக முனகியது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கால்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்தன.

“நிக்காதே” என்றான் டர்க், திரும்பாமலே. “நின்னா உடையும். தள்ளு.”

அவள் தள்ளினாள். நாற்காலிக்கு அடியிலிருந்து மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு புறப்பட்டு, அவர்களுக்கு முன்னால் ஓடியது.